கடைசி வரி வரை படிப்பவர்கள்

எங்கள் பரிசோதனை அறை பத்தடி நீளம். பார்வைப் பலகையை ஆறு மீட்டர் தள்ளி மாட்ட இடம் கிடையாது. அதனால் வருகிறவரைப் பலகைக்குக் கீழே உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, அதில் தெரிகிற எழுத்தைப் படிக்கச் சொல்வோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு 'ஈ' பலகை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையைக் காட்டினால் போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து வரிவரியாக இறங்கி, பொடி எழுத்தையும் படித்துவிட்டால் சீட்டில் 6/6 என்று எழுதுவேன். நான் எழுதி முடிப்பதற்குள் ஆள் எழுந்திருப்பார். "அதான் நல்லாத் தெரியுதே, அப்புறம் என்ன?"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் வேலை. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வட்டாரத்தில்தான் பெரும்பகுதி சர்வீஸ் ஓடியது. ஊர்க்காரர்கள் 'கண்ணு டாக்டரம்மா' என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். கண் தெரியவில்லை என்று வருகிறவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை. சொன்னதைக் கேட்பார்கள், அனுப்பிய இடத்துக்குப் போவார்கள். நான் மல்லுக்கட்டியதெல்லாம் 6/6 வாங்கிக்கொண்டு எழுந்தவர்களோடுதான்.

அந்தப் பலகை அளப்பது நடுப்பார்வையை மட்டும். விழித்திரையின் மையத்தில் ஒரு சின்ன இடம். எழுத்துப் படிக்க, ஊசியில் நூல் கோக்க, முகம் பார்த்து ஆளை அடையாளம் சொல்ல, எல்லாவற்றுக்கும் அதுதான். கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் அந்த இடத்தைக் கடைசியில்தான் தொடும். அதற்கு முன்னால் ஓரம்சாரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிடும். வலி இருக்காது, கண் சிவக்காது, உறுத்தாது. ஒரு கண்ணில் விட்டுப்போனதை மற்றக் கண் ஈடுகட்டும். இரண்டிலும் போனால் மூளை அக்கம்பக்கத்தை வைத்து இட்டு நிரப்பிக்கொள்ளும். பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். தெரியாது. அங்கே ஒன்றும் இல்லை என்பதே தெரியாது.

ஒரு மினி பஸ் டிரைவர் வந்தார். ஐம்பதைத் தொடுகிற வயது. லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். பார்வையைக் குறித்துத் தரச் சொல்லி எங்கள் டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். இரண்டு கண்ணும் 6/6. பேச்சுவாக்கில், "இப்பல்லாம் டூவீலர்காரனுங்க எங்கிருந்துதான் வர்றானுங்கன்னே தெரியல மேடம். இடப்பக்கமா திடீர்னு நுழைஞ்சு குறுக்க விழுறானுங்க" என்றார். டிரைவர்கள் எல்லாரும் புலம்புகிற புலம்பல்தான். ஆனால் அவர் உள்ளே வரும்போது நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டதை நான் பார்த்திருந்தேன்.

எதிரெதிரே இரண்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். அவரை வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லிவிட்டு, நான் என் இடது கண்ணை மூடிக்கொண்டேன். "என் கண்ணையே பாருங்க. திரும்பக் கூடாது. விரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லுங்க." இருவருக்கும் சம தூரத்தில், வெளியிலிருந்து உள்ளே விரலை ஆட்டிக்கொண்டே மெல்லக் கொண்டுவர வேண்டும். எனக்குத் தெரிகிற நேரத்தில் ஏறக்குறைய அவருக்கும் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பேசாமல் இருந்தார். இன்னும் உள்ளே கொண்டுவந்தேன். பேச்சில்லை. ஏறத்தாழ முகத்துக்கு நேராக வந்த பிறகு, "ஆங், தெரியுது" என்றார். மேலிருந்து இறக்கினேன், மூக்குப் பக்கமிருந்து கொண்டுவந்தேன். அதே கதை. அவரே கேட்டார்: "விரலை இப்பத்தான நீட்டுனீங்க?"

பெஞ்சில் படுக்கவைத்து, மரத்துப்போகிற சொட்டு விட்டு, அவருடைய கட்டைவிரலையே முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லி, கருவிழி மேல் அழுத்தம் அளக்கிற ஷியாட்ஸ் கருவியை வைத்தேன். நார்வேக்காரர் ஷியாட்ஸ் 1905இல் செய்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஸ்லிட் லாம்ப்பில் பொருத்துகிற கோல்ட்மேன் கருவிதான் துல்லியம். எங்களைப் போன்றவர்களுக்கு வெகுகாலம் இந்தப் பழசுதான் கைகொடுத்தது. இதில் கணக்கு தலைகீழ்: ஊசி குறைவாக நகர்ந்தால் அழுத்தம் அதிகம். 5.5 கிராம் எடைக்கு இடது கண்ணில் ஊசி 2இல் நின்றது. அட்டவணையில் பார்த்தால் 29 மி.மீ. வலது கண்ணில் 24. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டும்.

அவருக்கு விவசாயமும் உண்டு என்பதால் விளக்குவது சுலபமாக இருந்தது. கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். கருவிழி ஓரத்தில் அது வெளியேற மடை இருக்கிறது. மடை தூர்ந்தால் வயலில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். கட்டிய நீரின் அழுத்தம் பின்னால் இருக்கிற பார்வை நரம்பை நசுக்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் உள்ள நரம்பு அது. இழை ஒவ்வொன்றாகச் சாகும்போது ஒரு வலியும் கிடையாது, செத்த இழை துளிர்க்கவும் செய்யாது. "அப்ப போனது போனதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். இதை மழுப்பிச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சீட்டுல 6/6னு மட்டும் எழுதுங்க மேடம். பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். எல்லாவற்றையும் எழுதித்தான் டாக்டரிடம் கொடுத்தேன். மதுரைக்கு அனுப்பினோம். சொட்டு மருந்து தொடங்கி, இடது கண்ணுக்கு அழுத்தம் குறைக்கிற ஆபரேஷனும் நடந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகச் சேர்ந்துவிட்டார். என் மேல் அவருக்குக் கோபம் இருந்தது, நெடுநாள் பேசவில்லை.

கிளாக்கோமாவிலேயே இன்னொரு வகை உண்டு. மடை ஒரே நாளில் அடைபட்டுக் கண் சிவந்து, தலையைப் பிளக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரியும். வாந்தியைப் பார்த்துவிட்டு வயிற்றுக் கோளாறு என்று வைத்தியம் செய்துகொண்டு தாமதமாக வருகிறவர்களும் உண்டு. ஆனாலும் இவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் சொல்வேன். வலி அவர்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. சத்தம் போடாத வகைதான் நம் ஊரில் ஆளைக் கவிழ்க்கிறது. தென் மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்விலும், பிறகு சென்னையைச் சுற்றி நடந்த கிளாக்கோமா ஆய்விலும் ஒரே செய்திதான் வந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இந்த நோய் இருந்தது. அப்படி இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாது.

ஏன் தெரியவில்லை என்று கேட்டால் அறியாமை என்று சொல்லிவிடுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கண்ணைப் பற்றி நன்றாகவே தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் புரை நோயிலிருந்து கற்றுக்கொண்டது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டமும் வந்தது. அதற்குப் பிறகு முகாம் போடாத ஊர் இல்லை. தடவித் தடவிப் போன கிழவி பச்சைத் துணி கட்டிக்கொண்டு வேனில் திரும்பி வந்து, கட்டைப் பிரித்ததும் பேரனைப் பார்த்துச் சிரித்ததை ஊரே பார்த்திருக்கிறது. அதிலிருந்து மக்கள் இரண்டு பாடம் கற்றுக்கொண்டார்கள். கண் போனால் ஆபரேஷன் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒன்று. அவசரம் இல்லை, முத்தட்டும் என்பது இன்னொன்று. புரைக்கு முதல் பாடம் சரி. இரண்டாவது அந்தக் காலத்து ஆபரேஷன் முறையோடு போய்விட்டது. கிளாக்கோமாவுக்கு இரண்டுமே விஷம். "முத்துனதும் வர்றேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர்களை நான் வீடு தேடிப் போய் இழுத்து வந்திருக்கிறேன்.

நாற்பது வயதில் இயற்கையே ஒரு அழைப்பு அனுப்புகிறது. கிட்டத்து எழுத்து மங்கும். பத்திரிகையைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிப்பார்கள், அரிசியில் கல் பொறுக்க முடியாது, செல்போனைப் பேரனிடம் நீட்டுவார்கள். சாளேஸ்வரம் எல்லாருக்கும் வரும். அது நோயே இல்லை. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண் பரிசோதனைக்கு ஒரு ஆளைக் கிளப்புவது அதுதான். அந்த ஒரு நாளில் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கணக்கு. இப்போது என்ன நடக்கிறது? பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் தார்ப்பாய் விரித்து ரெடிமேட் கண்ணாடி விற்கிறார்கள். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று போட்டுப் பார்த்து, எது தெரிகிறதோ அதை நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கண்ணாடியால் கெடுதல் ஒன்றும் இல்லை. இன்னும் ஐந்தாறு வருஷத்துக்குக் கண்ணைக் காட்ட வேண்டிய தேவையைத்தான் அது தீர்த்துவைத்துவிடுகிறது.

கடைகளில் 'கம்ப்யூட்டர் மூலம் இலவசக் கண் பரிசோதனை' என்று எழுதியிருக்கும். தாடையை வைத்து உட்கார்ந்தால் உள்ளே ஒரு பலூனோ வீடோ தெளிந்து தெளிந்து மங்கும். சீட்டு வந்து விழும். அந்தச் சீட்டில் இருப்பது கண்ணாடிக்கான பவர். அவ்வளவுதான். நரம்பைப் பற்றியோ விழித்திரையைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இருக்காது. "போன மாசம்தான் கம்ப்யூட்டர்ல பாத்தேன்" என்கிறவரைத் திரும்பப் பரிசோதனைக்கு உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அழுத்தம் மட்டும் பார்த்தாலும் போதாது. நாளுக்குள்ளேயே அது ஏறி இறங்கும். கருவிழி தடித்தவருக்குக் கூடுதலாகவும் மெல்லியவருக்குக் குறைவாகவும் காட்டும். 16 என்று பதிவான கண்ணிலேயே நரம்பு தேய்ந்து குழி விழுந்திருப்பதும் உண்டு. ஆகவே கண்ணுக்குள் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தல்மாஸ்கோப்பைச் செய்ததிலிருந்து அதற்கு வழி இருக்கிறது. உடம்பைக் கீறாமல் நரம்பையும் ரத்தக் குழாயையும் நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் கண் ஒன்றுதான்.

சர்க்கரைக்காரர்களுக்கு அதுதான் உயிர்நாடி. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்காக மல்லிகை தொடுக்கிற ஒரு அம்மா, சர்க்கரை வந்து எட்டு வருஷம். "எதுக்கு இங்க அனுப்புனாங்கன்னே தெரியல. கண்ணை மூடிக்கிட்டே ஆயிரம் பூ கட்டுவேன்" என்றார். நானும் பார்த்திருக்கிறேன், டிவி பார்த்துக்கொண்டே விரல் பாட்டுக்கு ஓடும். அதுதான் சிக்கல். கை பழகிய வேலையில் கண் குறைவது தெரியாது. சொட்டு விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்துக் கண் டாக்டர் பார்த்தபோது விழித்திரையில் பொட்டுப் பொட்டாக ரத்தக் கசிவு, மஞ்சள் படிவு மையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பலகையில் அவர் கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்தவர். லேசர் வைத்தார்கள், பிறகு கண்ணுக்குள் போடுகிற ஊசியும் போட்டார்கள். பார்வை நின்றுவிட்டது; அதாவது, இருந்த இடத்தில் நின்றது. எங்கள் அகராதியில் அது வெற்றி.

சர்க்கரை என்று சொன்ன அன்றைக்கே கண்ணையும் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை எத்தனை வருஷமாக உள்ளே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் வந்த பிறகு மாத்திரை வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். ஆனால் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வந்தவரைக் கையோடு கண் அறைக்குத் தள்ளிவிடுவது முன்பு சுலபமாக இருந்தது. இப்போது கண்ணுக்கென்று தனியாகக் கிளம்பி வர வேண்டும்.

அப்படி வருகிறவர்களும் பாப்பாவை விரிக்கிற சொட்டுக்குப் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் உண்டு. நாலு மணி நேரம், சிலருக்கு ஆறு மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது, வெயில் கூசும், டிவிஎஸ் எக்ஸெல்லை எடுக்க முடியாது, ஒரு நாள் கூலி போகும். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு, வேலை இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் ஊற்றிவிட்டால் அந்த ஆள் அடுத்த வருஷம் வரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரையும் வரவிடமாட்டார்.

மெடிக்கல் ஷாப் சொட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெயில் காலத்தில் சில பிள்ளைகளுக்குக் கண் அரித்துச் சிவக்கும். யாரோ ஒரு டாக்டர் பத்து நாளைக்கு ஸ்டீராய்டு சொட்டு எழுதியிருப்பார். அற்புதமாகக் கேட்கும். அந்தப் பழைய சீட்டைக் காட்டியே, அல்லது காலி பாட்டிலைக் காட்டியே, வருஷக் கணக்கில் வாங்கி ஊற்றுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நரம்பு முக்கால்வாசி தேய்ந்த நிலையில் வந்தான். சிவப்பு போகிறது, அரிப்பு போகிறது, அதோடு கண்ணும் போகிறது. ஸ்டீராய்டு அழுத்தத்தை ஏற்றும் என்பது அவன் தாய்க்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இந்த விஷயத்தில்தான்.

பள்ளிப் பிள்ளைகளிடம் வேறு வகை. ஒரு கண் பிறந்ததிலிருந்தே மங்கல் என்றால், அந்தப் பிள்ளைக்கு உலகமே அப்படித்தான். எதோடு ஒப்பிட்டு அது குறை சொல்லும்? வரிசையில் நிற்கும்போதே முன்னால் படிக்கிறவன் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடும், விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும். அதனால் நான் பலகையைக் கீழிருந்து மேலே கேட்பேன், கண்ணை மூடுவதை டீச்சர் கையில் விட்டுவிடுவேன். ஏழெட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் சோம்பிப்போன கண்ணை வேலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

நோயைக் கண்டுபிடித்ததோடு கதை முடிவதில்லை. ராத்திரிக்கு ஒரு வேளை விடுகிற சொட்டு 2.5 மி.லி. பாட்டிலில் வரும், எண்பது சொட்டுக்குப் பக்கமாகத் தேறும். இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு என்றால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய காலியாக வேண்டும். மூன்று மாதம் கழித்து வருகிறவர் மடியிலிருந்து அதே பாட்டிலை எடுத்து, "ஒருநாள் தவறல" என்பார். ஆட்டிப் பார்த்தால் பாதி இருக்கும். சிலருக்குப் பத்தே நாளில் தீர்ந்துவிடும். கை நடுங்கி மருந்தெல்லாம் கன்னத்தில் ஓடியிருக்கும். என் எதிரிலேயே ஊற்றிக் காட்டச் சொல்வேன். கீழிமையைப் பை மாதிரி இழுத்து, பாட்டில் முனை படாமல் ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோர முனையை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இழுப்பு உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், டைமலால் என்கிற சொட்டு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். நிறுத்திவிடுகிறவர்கள் சொல்கிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஊத்தியும் ஒரு முன்னேத்தமும் இல்ல." நோய் வந்ததும் தெரியவில்லை, மருந்து வேலை செய்வதும் தெரியாது. ஒன்றுமே மாறாமல் இருப்பதற்காக ஆயுசுக்கும் காசு கொடுத்து மருந்து ஊற்று என்று ஒருவரைச் சம்மதிக்கவைப்பது லேசான காரியமில்லை.

அந்த டைம் கீப்பர் ஒருநாள் தன் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிவரச் சொல்லி நான்தான் கேட்டிருந்தேன்; கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குடும்பத்தில் யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தவர், மகள் கல்யாணம் முடிந்த கையோடு சொல்லிவிட்டார். தம்பிக்கும் 6/6. அழுத்தம் வரம்பின் ஓரத்தில் இருந்தது. மதுரையில் கருவி வைத்துப் பார்வைப் பரப்பை அளந்தபோது தொடக்கக் கோளாறு மட்டும் தெரிந்தது. சொட்டு ஆரம்பித்தார்கள். இன்றும் அவர் லாரி ஓட்டுகிறார். மறைக்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் முன்பே வந்திருப்பார். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து வீட்டு நோயை மூடிவைக்கிற வழக்கத்தால் எத்தனை தம்பிகள், எத்தனை அக்காக்கள் தப்பிக்கிற நேரத்தைத் தவறவிடுகிறார்களோ.

நாற்பது வயதானால் கண் தெரிகிறதா என்று பார்க்காமல், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது காட்டுங்கள். சர்க்கரையோ, வீட்டில் யாருக்காவது கிளாக்கோமாவோ இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை. பவர் பார்த்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். "அழுத்தம் பார்த்தீங்களா? பாப்பாவை விரிச்சு நரம்பைப் பார்த்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமும் கிடையாது.